சைக்கிளுக்கும் ஒரு வழி வேண்டும்



எங்கள் வரிப்பத்தான்சேனையில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்கத் தனியாக ஒரு மைதானம் தேவையில்லை. வாய்க்கால் ஓரத்து வீதி இருக்கிறது. வேளாண்மை வெட்டி முடிந்த காலத்தில் வெறும் வட்டையும் இருக்கிறது. என் மூத்த மகளும் அங்கேதான் பழகினாள். பத்து வயதில், முழங்காலில் இரண்டு தழும்புகளோடு பழகிக்கொண்டவள், அதன் பிறகு பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் கடைக்கும் சைக்கிளிலேயே போய் வந்தாள். கடையில் ஒரு சாமானை மறந்து வந்தால் அவளுக்குக் கவலை வராது, சந்தோஷம்தான் வரும். இன்னொரு தடவை ஓடலாமே!

உயர்தரம் படிப்பதற்காக அவளைக் கல்முனைக்குடியில் இருக்கும் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். உடுப்புப் பெட்டியோடு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டுதான் போனோம். ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தபோது சைக்கிள் விறாந்தைச் சுவரோடு சாய்ந்து நின்றது. பிள்ளை ஓட்டோவில் போய் வந்துகொண்டிருந்தாள்.

தங்கையிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: “காக்கா, புள்ள நல்லாத்தான் ஓடுறாள். எனக்கு மெயின் ரோட்டைத்தான் பயம். பின்னால பஸ், முன்னால ஓட்டோ, நடுவுல புள்ள. ஒங்கட புள்ளைக்கு ஏதும் நடந்தா நான் என்ன பதில் சொல்ற?”

மகளும் பக்கத்தில்தான் நின்றாள். “வாப்பா, எனக்கு ஓடத் தெரியாட்டி நிப்பாட்டுங்க. ரோட்டுல எடமில்லாட்டி அதுக்கு நானா பொறுப்பு?” என்றாள்.

இரண்டு பேருக்கும் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. சகோதரிகளே, இந்த மாதம் நாம் பேசப்போவது அந்தப் பதிலைத் தேடித்தான்.

ஒரு காலை நேரம்

மறுநாள் சுபஹுக்குப் பிறகு திரும்பி வராமல், பாடசாலை தொடங்கும் நேரம் வரை பிரதான வீதி ஓரத்தில் நின்று பார்த்தேன். நாம் தினமும் பார்ப்பதுதான். ஆனால் நம் பிள்ளை அந்த வீதியில் போகப்போகிறாள் என்ற எண்ணத்தோடு பார்க்கும்போது கண்ணுக்கு வேறு விதமாகத் தெரிகிறது.

கல்முனையின் பிரதான வீதி ஊர்வீதி அல்ல. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 நெடுஞ்சாலைதான் நமது கடைத்தெருவுக்கு நடுவாலும் போகிறது. தூரப்பயணப் பஸ்ஸும், நெல் ஏற்றிய லொறியும், மீன் ஏற்றிய வண்டியும், சந்தைக்கு வரும் மக்களும், பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே தாரில்தான் போகவேண்டும். வீதியின் இடது ஓரம் சைக்கிளுக்கு உரியது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் அந்த ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன, கடைக்காரரின் பலகை நிற்கிறது, ஓட்டோ ஆள் ஏற்றுகிறது. அவற்றைச் சுற்றிப் போக வேண்டிய பிள்ளை ஒவ்வொரு தடவையும் நடுவீதிக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பின்னால் என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனித்தேன். சைக்கிள் ஓடுகிறவருக்குக் கைபிடியின் அகலம் மட்டும் போதாது. மெதுவாக ஓடும்போது சைக்கிள் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆடும். புத்தகப் பை கனத்தால் இன்னும் ஆடும். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு மீட்டர் அகலமாவது வேண்டும். கடந்து போகும் வாகனம் அதற்கு அப்பாலும் இடைவெளி விட்டுப் போகவேண்டும். நமது கடைத்தெருவில் அந்த ஒரு மீட்டர் எங்கே இருக்கிறது?

நமது நாட்டில் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறந்துபோகிறார்கள். ஆகவே என் தங்கையின் பயத்தைப் பெண்களின் வீண் பயம் என்று நான் தள்ளிவிடவில்லை. நீங்களும் உங்கள் பயத்தை அப்படித் தள்ளிவிட வேண்டாம். அந்தப் பயத்தில் ஒரு தகவல் இருக்கிறது. எந்த இடத்தில் உங்கள் கை பிள்ளையின் கையைத் தானாகப் பிடிக்கிறதோ, அந்த இடத்தில் வீதி பிழையாக இருக்கிறது.

மார்க்கம் தடுக்கவில்லை

“பொம்புளப் புள்ள சைக்கிள் ஓடலாமா?” என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். ஒட்டகத்தில் பயணம் செய்யும் பெண்களில் குறைஷிப் பெண்களை நபி (ஸல்) அவர்கள் பாராட்டிச் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒட்டகத்தில் ஏறியவர்களின் வழிவந்தவர்கள் சைக்கிளில் ஏறுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை. ஒழுக்கமான உடையோடும் வீட்டாரின் சம்மதத்தோடும் படிக்கப் போகிறவளை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. ஹபாயாவின் ஓரம் சில்லிலும் சங்கிலியிலும் சிக்காமல் சங்கிலி மூடியும், பின்சில்லுக்கு வலை மறைப்பும் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

நம்மைப் போன்ற ஊர்களில் இது நடந்தும் இருக்கிறது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையும் அதோடு சேர்த்தார். 1992ஆம் ஆண்டு மார்ச் 8இல், பெண்கள் தினத்தன்று, 1500 பெண்கள் புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். அந்த இயக்கத்தால் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். தண்ணீர் எடுக்கவும், வேலைக்குப் போகவும், பிள்ளையைப் பாடசாலையில் விடவும் இன்னொருவரின் தயவை எதிர்பார்த்து நிற்பது அவர்களுக்குக் குறைந்தது.

நமது வடக்கில் 1990களின் யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாதபோது யாழ்ப்பாணத்துப் பெண்கள் சைக்கிளில்தான் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2022 ஜூன் கடைசியில் நமது நாட்டில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்களே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் வீட்டு முற்றத்தில் நின்றன. பரணில் கிடந்த சைக்கிள்கள் இறங்கின. புதுச் சைக்கிளின் விலை ஏறிக்கொண்டே போனது. அன்று பிரதான வீதியில் சிறு பிள்ளைகளும் ஓடினார்கள். எரிபொருள் வந்தது. சைக்கிள் திரும்பவும் பரணுக்குப் போனது. நமக்கு ஓடத் தெரியும். வீதி இடம்விட்டால் நாம் ஓடுவோம். அந்த நாட்கள் காட்டித்தந்தது இதைத்தான்.

கோடு போட்டால் போதுமா?

“பிரதான வீதி ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு கோடு போட்டுவிட்டால் சரிதானே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

பெங்களூரில் 2020இல் வெளிவட்டச் சாலையில் அப்படிச் செய்து பார்த்தார்கள். கோடு போட்டு, பிளாஸ்டிக் தூண்கள் நட்டு, சைக்கிளுக்கு ஒரு தடம் பிரித்தார்கள். தூண்கள் உடைந்தன, மற்ற வாகனங்கள் உள்ளே வந்தன, தடம் நிலைக்கவில்லை. நெருக்கமான வீதியில் வெறும் கோட்டை ஒருவரும் மதிப்பதில்லை. நமது கடைத்தெருவில் கோடு போட்டால் முதல் நாளே அது மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமாகிவிடும்.

இன்று சைக்கிளுக்குப் பேர்போன நாடு நெதர்லாந்து. அங்கே எப்போதும் இப்படி இருந்ததென்று நினைக்கிறோம். அது சரியல்ல. 1971இல் அந்தச் சிறிய நாட்டில் ஏறத்தாழ 3300 பேர் வீதியில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் சிறுபிள்ளைகள். மகளை வீதியில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் 1972இல் எழுதினார். அந்தப் பெயரிலேயே பெற்றோரின் இயக்கம் ஒன்று எழுந்தது. தாய்மார் பிள்ளைகளோடு வீதிக்கு வந்து நின்றார்கள். 1973இல் அங்கும் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது, வெறிச்சோடிய வீதிகளில் மக்கள் சைக்கிளில் இறங்கினார்கள். நமக்கு 2022 எப்படியோ, அவர்களுக்கு 1973 அப்படி. ஆனால் எண்ணெய் திரும்பி வந்த பிறகு அவர்கள் சைக்கிளைப் பரணில் போடவில்லை. அதற்கு வழி செய்யத் தொடங்கினார்கள்.

முதலில் அவர்களும் பிழைவிட்டார்கள். ஹேக், டில்பர்க் என்ற இரண்டு நகரங்களில் 1970களின் நடுவில் நகர மத்தியினூடாகச் சிறப்பான ஒற்றைத் தடத்தை அமைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் நகரத்தில் சைக்கிள் ஓடுகிறவர்களின் தொகை எதிர்பார்த்தபடி கூடவில்லை. வீட்டு வாசலிலிருந்து அந்தத் தடத்துக்கு வந்து சேர வழியில்லையே! பிறகு டெல்ஃப்ட் என்ற நகரத்தில் வேறுவிதமாக யோசித்தார்கள். பெரிய தடம் ஒன்றுக்குப் பதிலாக, ஊரின் சின்னச் சின்னத் தெருக்களை ஒன்றோடொன்று இணைத்து ஒரு வலை போல ஆக்கினார்கள். எங்கே வழி அறுந்திருந்ததோ அங்கே ஒரு சிறு பாலமோ ஒரு கடவையோ போட்டார்கள். அங்கே சைக்கிள் ஓட்டம் கூடியது.

க்ரோனிங்கன் என்ற நகரம் 1977இல் தனது நகர மத்தியை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. கார் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நேராகப் போக முடியாது, வெளியே சுற்றித்தான் போகவேண்டும். நடப்பவரும் சைக்கிளும் நேராகப் போகலாம். வியாபாரம் கெட்டுவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது, கடைத்தெருவும் அழிந்துவிடவில்லை.

நமது ஊருக்கு எது பொருந்தும்?

நம்மால் ஏ-4 வீதியை மூட முடியாது. அதற்கு மாற்று வீதி இல்லை. ஆனால் நமது ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவால் பிரதான வீதி. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் ஒரு தஸ்பீஹ் மணிகள் போல அந்த வீதியில் கோத்துக் கிடக்கின்றன. பிரதான வீதியிலிருந்து கடலுக்கும் வயலுக்கும் கிழக்கு மேற்காக ஏராளமான குறுக்கு வீதிகளும் ஒழுங்கைகளும் போகின்றன. வடக்கு தெற்காகவும் உள்வீதிகள் இருக்கின்றன. அவற்றில் பஸ் ஓடுவதில்லை, லொறி அரிதாகத்தான் வரும்.

ஆக, சைக்கிளுக்கான வழி ஏற்கெனவே பாதி இருக்கிறது. அது துண்டு துண்டாகக் கிடக்கிறது என்பதுதான் குறை. ஓரிடத்தில் வடிகான் மூடியில்லாமல் கிடக்கும். ஓரிடத்தில் ஒழுங்கை இரண்டு வளவுகளுக்கு இடையில் முடிந்துவிடும். ஓரிடத்தில் வீடு கட்டுகிறவரின் மணல் குவியல் பாதி வீதியை மறித்துக் கிடக்கும். இந்தத் துண்டுகளை இணைத்தால் பிள்ளைகள் பிரதான வீதியில் ஓடவேண்டிய தூரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இதில் இன்னொரு சாதகமும் உண்டு. பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. உள்வீதிகளில் பெரும்பாலானவை மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் உரியவை. வடிகான் மூடியும் வேகத்தடையும் தெருவிளக்கும் கொழும்புக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டிய காரியங்கள் அல்ல.

உள்வீதியைச் சீராக்கினால் நெரிசலுக்குப் பயந்த மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் அதற்குள் வந்துவிடுமே என்று கேட்பீர்கள். வரும். அதனால்தான் க்ரோனிங்கனின் யோசனையைக் கொஞ்சம் இரவல் வாங்க வேண்டும். உள்வீதியில் வீட்டுக்காரர் வரலாம், போகலாம். ஒரு முனையில் நுழைந்து மறு முனையால் பறந்து போகிற குறுக்குவழியாக அது ஆகக்கூடாது. சில இடங்களில் தூண் நட்டு மறிக்கலாம். அம்புலன்ஸுக்கும் ஜனாஸாவுக்கும் கழற்றக்கூடியதாக அதை நடவேண்டும். மோட்டார் சைக்கிள் தூணுக்குள்ளாலும் புகுந்துவிடும். அதற்குக் கிட்டக் கிட்ட வேகத்தடைதான் மருந்து. பிள்ளைகளும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லிவருகிறது. அந்த வேகத்தில் மோதப்பட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். 50இல் அந்த நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரியம் கடவைதான். எத்தனை உள்வீதியால் வந்தாலும் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை மேற்குப் பக்கத்துப் பாடசாலைக்குப் போக ஒரு தடவை ஏ-4 வீதியைக் கடந்தே ஆகவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் சில மேற்கே குடியேறியதால் அந்தக் கடத்தல் இன்னும் கூடியிருக்கிறது. உள்வீதிகள் எங்கே பிரதான வீதியைச் சந்திக்கின்றனவோ, அங்கேதான் நல்ல கடவை வேண்டும். பாடசாலை நேரத்தில் ஒரு பொலிஸாரோ பெற்றோரோ நிற்கவேண்டும். ஒரு வழி முழுவதும் நன்றாயிருந்து கடவை மட்டும் பயங்கரமாயிருந்தால், தாய் பிள்ளையை அனுப்பமாட்டாள். வழியின் மிக மோசமான பத்து அடிதான் பிள்ளை போவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த வழி ஊர் எல்லையிலோ சமூக எல்லையிலோ நின்றுவிடவும் கூடாது. பாண்டிருப்புப் பிள்ளையும் கல்முனைக்குடிப் பிள்ளையும் ஒரே லொறிக்குத்தான் பயப்படுகிறார்கள். எங்கள் எல்லைச் சண்டை சைக்கிள் சில்லுக்குத் தெரியாது.

ஏழு முழம்

பாதையின் அகலத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்ன ஹதீஸை ஓதிக்கொடுக்கும் போதெல்லாம், அது பழைய காலத்து அளவு என்று நான் கடந்து போனதுண்டு. இப்போது கணக்குப் பார்த்தேன். ஏழு முழம் என்றால் பத்தரை அடி, கிட்டத்தட்ட மூன்று மீட்டர். இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்து தாராளமாக விலகிப் போக அது போதும்.

அந்த ஏழு முழத்தை இன்று யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? மாநகர சபையா? பெரும்பாலும் நாம்தான். நமது மணல், நமது கல், நமது கடையின் பலகை, ஜும்ஆவுக்கு வந்தவர் குறுக்கே நிறுத்திய வாகனம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நாம் ஓதியிருக்கிறோம். முள்ளை எடுத்து எறிவதோடு அது முடிந்துவிடுவதில்லை. நமது வாசலில் கிடப்பதை அகற்றச் சொல்லி வீட்டு ஆண்களுக்கு எடுத்துச் சொல்ல உங்களால் முடியும்.

நீங்கள் செய்யக்கூடியது

வீதியைத் திட்டமிடுவது பொறியியலாளர் வேலை என்று ஒதுங்காதீர்கள். உங்கள் பிள்ளை போகும் வழி அவருக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு கொப்பித் தாளை எடுங்கள். வீட்டைக் குறியுங்கள். பாடசாலை, மத்ரஸா, டியூஷன், ஆஸ்பத்திரி, சந்தை, மூத்தும்மா வீடு என்று பிள்ளைகள் போகும் இடங்களைக் குறியுங்கள். அவர்கள் போகும் வழியைக் கோடாக இழுங்கள். எங்கே உங்களுக்குப் பயமோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள்.

பிறகு ஒரு நாள் பிள்ளையோடு அந்த வழியால் நடந்து பாருங்கள். மூடியில்லாத வடிகான், சில்லு சிக்கும் கம்பி இடைவெளி, எரியாத விளக்கு, மதில் மறைக்கும் முடுக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். அயலில் ஐந்தாறு தாய்மார் இப்படிச் செய்து தாள்களை ஒன்று சேர்த்தால், ஒரே இடத்தில் புள்ளிகள் குவிந்து கிடப்பதைக் காண்பீர்கள். அந்த இடத்தைப் பற்றி மட்டும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும், சபைக்கும் எழுதுங்கள். பத்து விடயம் கேட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்றைக் கேளுங்கள். கிடைத்த பிறகு அடுத்ததைக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தை மட்டும் இன்றே சொல்லிக்கொடுங்கள். சந்தியில் நிற்கும் பஸ்ஸுக்கோ லொறிக்கோ இடது பக்கத்தில் ஒருபோதும் போய் நிற்கக்கூடாது. அது இடப்பக்கம் திரும்பினால் சாரதியின் கண்ணுக்குப் பிள்ளை தெரியாது. பின்னால் நிற்கட்டும். ஒரு நிமிடம் பிந்தினால் பரவாயில்லை.

என் தங்கையும் மகளும் அந்தத் தாளை வரைந்தார்கள். மாமிக்கும் மருமகளுக்கும் இரண்டு நாள் அதுவே பேச்சு. பிரதான வீதியால் போகும் வழியைவிடச் சில நிமிடம் கூடுதலாக எடுக்கும் ஓர் உள்வழி கிடைத்தது. அதில் மூன்று புள்ளிகள். ஒன்று, பக்கத்து வீட்டாரின் கல் குவியல். கேட்டதும் அகற்றிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். இரண்டாவது, வடிகான். மனுக் கொடுத்திருக்கிறோம், அதுவரை அந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போகிறாள். மூன்றாவது, பிரதான வீதிக் கடவை.

சைக்கிள் இப்போது விறாந்தையை விட்டு இறங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் என் தங்கை சமையலைப் பாதியில் விட்டு, அந்தக் கடவை வரை போய் நின்று, பிள்ளை அந்தப் பக்கம் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் வீடு திரும்புகிறாள். அவளைப் போல அங்கே இன்னும் சில தாய்மார் நிற்கிறார்களாம். அடுத்த மனுவில் அவர்கள் எல்லோரும் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடவை இருக்கும். அங்கே நிற்கும் தாய்மாரிடம் ஒரு தாளையும் பேனையையும் கொண்டுபோங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.